முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

வருடம் முடிகிற நேரம் என்பதால், இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். எழுதுவது, வரைவது, பாடுவது, பின்னுவது, படம் எடுப்பது என்று வேலை நேரம் போக யாரும் கேட்காமலே நாமாகக் கையில் எடுத்த காரியம் இந்த வருடம் எங்கே வந்து நிற்கிறது? பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இந்த வருடம் நாவலை முடித்தே தீருவது என்று ஜனவரியில் உட்கார்ந்தேன். டிசம்பர் வந்துவிட்டது, நாவல் வரவில்லை. துண்டு துண்டாக ஏதேதோ எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வருடம் வீணாகிவிட்டது என்று மனசு சொல்கிறது. அப்படித்தானா?

மனசு சொல்வதை இப்போதைக்கு ஏற்க வேண்டாம். முடிந்துபோன ஒன்றைப் பற்றி அது சொல்கிற தீர்ப்பு பெரும்பாலும் கடைசியில் நடந்ததை வைத்துத்தான் இருக்கும். டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1993-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, அதற்கு மேல் இன்னும் 30 விநாடி. ஆனால் அந்தக் கடைசி 30 விநாடியில் தண்ணீரின் குளிர் லேசாகக் குறைக்கப்படும். இரண்டில் எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். கூடுதல் நேரம் அவதிப்பட்டது அதில்தான், ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் அது தேவலை என்று நினைவில் தங்கிவிட்டது. உங்களுக்கு இது தலைகீழாக நடந்திருக்கலாம். கடைசி இரண்டு மாதம் எழுத்து ஓடாமல் இருந்திருக்கும், அந்த அலுப்பை மொத்த வருடத்தின் மேலும் பூசிவிட்டீர்கள்.

அதனால் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். நோட்டுகள், உதிரித் தாள்கள், ஏதோ ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கியது, போனில் குறித்தது, நடந்துகொண்டே பேசிப் பதிவு செய்தது, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல், எல்லாம்தான். முடிந்தவரை தேதி வரிசையில் அடுக்குங்கள், தேதி இல்லாததை உத்தேசமாக நடுவில் சொருகுங்கள். பேனாவைத் தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். திருத்தத் தொடங்கினீர்களோ, படிப்பது நின்றுவிடும்.

துண்டு என்கிறீர்களே, எத்தனை துண்டுகளில் அதே ஆள் வேறு வேறு பெயரில் வருகிறார் என்று பாருங்கள். அதே வீடு, அதே சண்டை, அதே பதில் சொல்லாத கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் நாவல் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. அப்புறம் வாக்கியங்களைப் பாருங்கள். ஜனவரியில் 'அவள் மிகுந்த சோகத்துடன் கதவை மெல்லச் சாத்தினாள்' என்று எழுதியவர், செப்டம்பரில் 'கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை' என்று எழுதியிருக்கக்கூடும். சோகம் என்று சொல்வதை விட்டுவிட்டு, தாழ்ப்பாளைக் கவனிக்கிற கண் நடுவில் எப்போதோ வந்திருக்கிறது. நாவல் முடிந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. நாவலை எழுதப் போவதே இந்தக் கண்தான் என்பதால், அது வந்த வருடத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒரு வருடமாக விடாமல் வரைகிறேன். முன்னேற்றமே தெரியவில்லை. எனக்கு வராதோ?

தெரியாததற்கு முக்கியமான காரணம், கையோடு சேர்ந்து கண்ணும் வளர்வதுதான். பல நேரம் கண் ஒரு படி முன்னால் ஓடிவிடும். போன வருடம் உங்களுக்குத் தெரியாத தப்பெல்லாம் இந்த வருடம் தெரிகிறது, அதனால் படம் மோசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். வருட ஆரம்பத்தில் வரைந்த ஏதாவது ஒன்றை, ஒரு காலணியோ நாற்காலியோ முகமோ, தேர்ந்தெடுங்கள். படத்தைப் பார்க்காமல் அதே பொருளை, அதே அளவுத் தாளில், அதே பென்சிலால், ஏறக்குறைய அதே நேரம் எடுத்துக்கொண்டு இப்போது வரையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தப் படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வி வேண்டாம், சின்னச் சின்ன இடங்களைப் பாருங்கள். பழைய படத்தில் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கோடு மயிர் மயிராக, தொட்டுத் தொட்டு, பத்துக் கீறலாக வந்திருக்கும். இப்போது அதே இடம் ஒரே இழுப்பில் வந்திருக்கலாம். பழையதில் கண்கள் நெற்றிக்கு ஏறிப் போயிருக்கும், ஏனென்றால் பெரியவர்களின் தலையில் உச்சிக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய பாதியில்தான் கண் இருக்கிறது என்பதை யாரும் பார்த்த மாத்திரத்தில் நம்புவதில்லை. பழையதில் நிழல் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், கருப்பாக அழுத்தப் பயம். இப்போது மூக்குக்குக் கீழே துணிந்து அழுத்தியிருக்கிறீர்களா? அது முன்னேற்றம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், அதற்கும் காரணம் படத்திலேயே கிடைக்கும். வருடம் முழுக்க வரைந்த முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். வலது கைக்காரர்களுக்குப் பக்கவாட்டு முகம் இடது பக்கம் பார்த்தபடி வருவதுதான் வசதி. ஆட்களின் கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பைக்குள்ளோ போய்விட்டனவா? அப்படியானால் உங்களுக்கு வருவதையே திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறீர்கள். திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமே இல்லை. அடுத்த மூன்று மாதம் கைகளை மட்டும் வரையுங்கள். வலது பக்கம் பார்க்கும் முகங்களையும்.

கேள்வி: தினமும் ஒரு பக்கம் எழுதுவது என்று ஆரம்பித்தேன். மார்ச்சில் உடம்பு சரியில்லாமல் விட்டுப்போனது. அதற்கப்புறம் அங்கங்கே எழுதினேன், ஆனால் சங்கிலி அறுந்துவிட்டதே என்ற எண்ணம் போகவே இல்லை.

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் பணிபுரிந்தவர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 96 பேர் ஒரு புதிய பழக்கத்தைத் தினமும் செய்யத் தொடங்கினார்கள். அது தானாக நடக்கிற அளவுக்கு வர ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதைவிட உங்களுக்கு முக்கியமான விஷயம், நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களுக்குத் தவறியது ஒரு நாள் அல்ல, பல நாள், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் 'அங்கங்கே எழுதினேன்' என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்களே, அங்கேதான் என் கவனம் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்துக்கு எப்படித் திரும்பினீர்கள்? ஏதாவது படித்ததாலா, யாராவது கேட்டதாலா, தூக்கம் வராததாலா? அந்தத் திரும்பல்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த வருடமும் உடம்பு படுத்தும், வேலை நெரிக்கும், எழுத்து நின்று போகும். அப்போது உங்களுக்குத் தேவைப்படுவது இந்தத் தாள்தான்.

கேள்வி: போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் எடுத்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. எல்லாமே நன்றாக இருப்பதுபோலவும் இருக்கிறது, எதுவுமே நன்றாக இல்லாததுபோலவும் இருக்கிறது.

இதே பிரச்சினை பெரிய கலைஞர்களுக்கும் இருந்தது. கேரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர், எடுத்த பிலிமை உடனே கழுவ மாட்டார். ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல், அப்படியே வைத்திருப்பார். எடுத்த கணத்தின் சந்தோஷம் நினைவில் இருக்கும்வரை, படம் நன்றாக இருக்கிறதா, அந்த நாள் நன்றாக இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத பிலிம் சுருள்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. அதனால் தள்ளிவைப்பது நல்லது, ஆனால் என்றாவது ஒரு நாள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நவம்பர், டிசம்பர் படங்களை இப்போது தொடாதீர்கள், அவை இன்னும் சூடாக இருக்கின்றன. ஜனவரியிலிருந்து தொடங்கி, ஒரு மாதத்தை ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். படங்களைச் சின்னதாக, கட்டம் கட்டமாக வைத்துப் பாருங்கள். பெரிதாக்கினால் முகபாவமும் விவரமும் மயக்கும், சின்னதாகப் பார்க்கும்போதுதான் படத்தின் கட்டுமானம் தெரியும். வெளிச்சம் எங்கே விழுகிறது, கண் எங்கே போகிறது என்பது அந்த அளவிலேயே தெரிந்துவிடும். மாதத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் ஒரு வாரம் விட்டு, அந்த நூறு வரையிலான படங்களை இருபதாகக் குறையுங்கள். இந்த இரண்டாவது சுற்று வலிக்கும். நல்ல நாளின் நினைவுக்காக மட்டும் இருக்கிற படங்களை அழிக்கச் சொல்லவில்லை, அவை குடும்ப ஆல்பத்துக்குப் போகட்டும்.

இருபதையும் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். இருபதில் பன்னிரண்டு படம் ஜன்னலாக இருக்கலாம், அல்லது முதுகு காட்டி நடந்து போகிறவர்களாக, அல்லது காலியான இருக்கைகளாக. நீங்கள் திட்டம் போட்டு எடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் வருடம் பூராவும் உங்களை நிறுத்தியது அதுதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்த வருடம் எதைத் தேடிப் போவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, 63 வயதில், ஓவியம் கற்க ஆரம்பித்து இப்போது ஒரு வருடம் ஆகிறது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மேரி டெலானி என்ற இங்கிலாந்துப் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். 1700-ல் பிறந்தவர். 1772-ல், எழுபது தாண்டிய பிறகு, வண்ணத் தாளை இதழ் இதழாகக் கத்தரித்துக் கருப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். சில பூக்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும், மகரந்தத் தாள்கூடத் தனித் துண்டுதான். அடுத்த பத்து வருடத்தில், கண் பார்வை மங்கி நிறுத்துகிற வரைக்கும், ஆயிரத்தைத் தொடுகிற அளவுக்குச் செய்து முடித்தார். அவை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதில் என்னை அதிகம் தொட்டது எண்ணிக்கை இல்லை. படங்களின் பின்னால் செடியின் பெயர், செய்த தேதி, செய்த இடம் என்று குறித்து வைத்திருக்கிறார். தன் வேலையை ஒரு பொழுதுபோக்காக ஒதுக்காமல், பதிவு செய்ய வேண்டிய ஒன்றாக அவர் மதித்தார். நீங்களும் மதியுங்கள். சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம் என்று நான் சொன்னாலும் ஒப்பிடத்தான் செய்வீர்கள், சரி, ஒப்பிடுங்கள். ஆனால் அவர்களுக்குக் கை வேகமாகப் போகும் இடத்தில், ஒரு பொருளை நின்று பார்க்கிற பொறுமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பாட்டுக் கற்றுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் பாடிப் பதிவு செய்தேன், ஆனால் என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், தயவுசெய்து. பாடும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டும் உங்கள் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கீழ்த்தொனிகளை நன்றாகக் கடத்துவதால் உங்களுக்கு உங்கள் குரல் கனமாகக் கேட்கும். பதிவில் எலும்பு கிடையாது, அதனால் மெலிசாக, யாரோ பாடுவதுபோல் இருக்கும். எல்லோருக்கும் இப்படித்தான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கேட்டால் அந்த அதிர்ச்சி அடங்கிவிடும். அப்புறம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். முதல் தடவை எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று மட்டும். முதல் மாதத்தில் சொல்லின் நடுவில் மூச்சு வாங்கியிருப்பீர்கள், இப்போது வரி முடியும்வரை தாங்குகிறதா? இரண்டாவது தடவை மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது சுருதி நிற்கிறதா, தொட்டுவிட்டுச் சரிகிறதா என்று மட்டும். குரல் இனிமையாக இருக்கிறதா என்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

கேள்வி: செய்தவற்றைப் பகிர்ந்துகொண்டதில் சிலவற்றுக்கு நல்ல வரவேற்பு, பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. விருப்பக்குறி எண்ணிக்கையை வைத்து வருடத்தை மதிப்பிடலாமா?

வேண்டாம் என்பேன். 1973-ல் மார்க் லெப்பர் என்ற உளவியல் அறிஞரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதை ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள்தான் தாமாகவே வரைவதற்குச் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் ஆசையைத் தின்கிறது. பாராட்டு வந்தால் சந்தோஷப்படுங்கள், அதில் தவறே இல்லை. வருடத்தை மதிப்பிடும்போது மட்டும் எண்களை மறைத்துவிட்டு, யாருமே பார்த்திருக்காவிட்டாலும் வைத்துக்கொள்வேன் என்று தோன்றுகிறவற்றைத் தனியே எடுங்கள்.

கேள்வி: பாதியில் நிற்கிற குரோஷா வேலைகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பார்த்தாலே குற்ற உணர்ச்சி.

பையைக் கொட்டி ஒவ்வொன்றையும் கையில் எடுங்கள். மறந்தே போயிருந்ததைப் பார்த்ததும் ஊசியைத் தேடுகிறதா கை? அது தொடரட்டும். கடினமான இடத்தில் நின்றது என்றால், எந்த வரிசையில் நின்றது என்று ஒரு சீட்டு எழுதிப் பின்னால் குத்தி வையுங்கள். மற்றதைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் காயும்போது பெரும்பாலும் நேராகிவிடும். பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்த வருடத்தின் வேலைதான்.

கேள்வி: இதனால் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் சொல்ல வேண்டாம், காட்டுங்கள். வருட ஆரம்பத்தில் செய்தது ஒன்று, இப்போது செய்தது ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்து எது முதலில் செய்தது என்று கேளுங்கள். பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் பலர் உண்மையில் நீங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடலாமா, அல்லது வருவது வரட்டும் என்று விடலாமா?

திட்டத்தைவிடக் குறிப்பேடு முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தோணி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து எழுதியவர். ஒரு நாவலை ஆரம்பிக்கும்போதே வாரம் வாரமாகக் கோடு போட்ட ஒரு குறிப்பேட்டைத் தயார் செய்வார். அன்றன்றைக்கு எழுதிய பக்கங்களை அதில் குறிப்பார், ஒரு பக்கத்துக்கு 250 சொல் என்று கணக்கு. வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம் எழுதியதாக அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். ஒன்றும் எழுதாத நாளும் அதில் வெறுமையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவு கறார் எல்லோருக்கும் ஒத்து வராது, உங்களுக்கு வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். தேதி, என்ன செய்தேன், எவ்வளவு நேரம், எங்கே மாட்டிக்கொண்டேன். இந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மறுநாள் உட்காரும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: வருடம் முழுக்க ஸ்கெட்ச் பேனாவாலும் வாட்டர் கலராலும் வரைந்ததை எப்படிப் பத்திரப்படுத்துவது? சிலது இப்போதே வெளுத்த மாதிரி தெரிகிறது.

வெளுக்கத்தான் செய்யும், ஸ்கெட்ச் பேனாக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது சாயம், வெளிச்சம் பட்டால் உடைந்துவிடும். வான் கோ 1890 மே மாதம் வரைந்த ரோஜாக்கள் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தவை, அவர் பயன்படுத்திய சிவப்பு வெளிச்சத்தில் நிற்காததால் இன்று ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிகின்றன. அதனால் ஸ்கெட்ச் பேனாப் படங்களைச் சுவரில் மாட்டாமல், மூடின கோப்பில் படுக்கவைத்து வையுங்கள். வாட்டர் கலர் வாங்கும்போது குழாயின் மேல் ஒளியைத் தாங்கும் தரம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். படங்களுக்கு நடுவில் செய்தித்தாளைச் சொருகாதீர்கள், அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப் பொருள் நாளடைவில் அமிலமாகிப் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கிவிடும். அமிலமில்லாத தாள் என்று கேட்டு வாங்கினால் நல்லது. எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், ஒரு படம் எடுத்து இரண்டு வேறு வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். பின்பக்கத்தில் தேதி எழுதப் பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் போடும், சில மை தாளில் ஊறி மறுபக்கமும் தெரியும், பென்சிலின் கிராஃபைட் மட்டும் ஊறவும் ஊறாது, வெளுக்கவும் வெளுக்காது.